சுண்ணாம்பு பூசிய பாறைகள்

லூர்தம்மாள் என்ற பெயரைக் கண்ணம்மாள் முதலில் கேட்டது பாப்பாரப்பட்டிச் சந்தையில். அவளுடைய சின்ன அண்ணன் பெண்டாட்டி பெரியம்மாள் வெங்காயம் பொறுக்கிக்கொண்டே சிரித்தாள்: “எங்க ஊரு சவரி மக லூர்தம்மா, காலேஜுல கல்லைக் குளிப்பாட்டிச் சம்பளம் வாங்குறாளாம்.”

அடுத்த வருஷமே கண்ணம்மாளுக்கும் அங்கே கூட்டுகிற வேலை கிடைத்தது. பல்கலைக்கழகத்து அறிவியல் கட்டடம். அதன் முன்னால் வெட்டவெளியில் இருபத்திரண்டு பாறைகள், பிள்ளைகள் பார்த்துப் படிப்பதற்காக மாவட்டம் முழுக்கத் தேடிக் கொண்டுவந்து நிறுத்தியவை. செவலைக் கல், காக்காப்பொன் மின்னுகிற கல், வரிவரியாய் ஓடுகிற கல். பேராசிரியை நிர்மலாதேவி சொன்னபடி, தண்ணீரும் தேங்காய் நாரும் தவிர வேறெதுவும் படாமல் லூர்தம்மாள் பத்து வருஷம் அவற்றைக் கழுவினாள்.

போன தை மாதம் மேலிடத்துக் குழு பார்வையிட வருகிறதென்று மேற்பார்வையாளர் பச்சியப்பன் மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பும் காவியும் அடிக்க வைத்தார். சுண்ணாம்பு மிஞ்சிவிட்டது. அந்தப் பாறைகளுக்கும் அடியுங்கள், பளிச்சென்று இருக்கும் என்றார். பேராசிரியை அன்று ஊரில் இல்லை.

லூர்தம்மாள் வாளிக்குக் குறுக்கே நின்றாள். “கல்லோட நெறத்தப் பாக்கத்தானுங்க சார் வெச்சிருக்குது. வெள்ளையடிச்சா அப்புறம் மைல்கல்லுதான்.”

“நீ என்ன புரொபசரா? போயி கக்கூஸக் கழுவு.”

அவளைப் பின்கட்டுக்கு விரட்டிவிட்டு, சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைக் கண்ணம்மாள் கையில் திணித்தார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் அவள் இருபத்திரண்டையும் அடித்து முடித்தாள், அடியில் காவிப் பட்டையோடு.

வந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். யார் வேலை இது என்று கேட்டார்கள். பச்சியப்பன் கொஞ்சமும் கூசாமல், லூர்தம்மாள் என்று ஒரு படிக்காத பொம்பளை, சொல்லச் சொல்லக் கேட்காமல் அடித்துவிட்டாள் என்றார். மறுநாளே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

கண்ணம்மாளுக்குப் பொறுக்கவில்லை. எவனோ சொல்ல, எவளோ அடிக்க, வேண்டாமென்றவள் தலையிலா விடிய வேண்டும்? மூன்று நாள் கழித்துப் பேராசிரியை திரும்பியதும் கண்ணம்மாள் நேரே அவர் அறைக்குள் போனாள். பச்சியப்பனும் அங்கேதான் நின்றிருந்தார்.

“அடிச்சது நானுங்க மேடம். அடிக்கச் சொன்னது இந்த ஆளு.”

பேராசிரியை மேலே எழுதினார். பச்சியப்பனுக்கு ஒரு மெமோ வந்தது, அவ்வளவுதான். சுண்ணாம்பைக் கழுவ ஆள் தேடும்போதுதான் அவர்களுக்கு லூர்தம்மாள் நினைவு வந்தது. கண்ணம்மாளையே அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

லூர்தம்மாள் வீட்டுக்குள் வா என்றுகூடச் சொல்லவில்லை. “எல்லாரு முன்னாலயுந்தான சொன்னான்? பொய் சொன்னேன்னு அதே எடத்துல நின்னு சொல்லட்டும், வாரேன். நீயும் மட்டையத் தொட்டவதான, போ.”

பச்சியப்பன் சொல்லவில்லை. லூர்தம்மாள் இப்போது மாரண்டஹள்ளியில் ஒரு காய்கறி மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறாள்.