ஏழாம் நம்பர் மலைக்கு மேலே ஒரு படகு

நோர்வூட் பக்கம் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியபோது எங்கள் தோட்டத்தில் ஒரு பகுதி மூழ்கிப்போனது. அங்கே லயத்துக் காம்பிராக்களில், அந்த வரிசை அறைகளில், இருந்த எங்களை மேட்டுக்கு மாற்றினார்கள். தண்ணீர் நிறைந்ததும் தோட்டத்தை நடத்துகிற துரைக்குப் படகு விடும் ஆசை வந்துவிட்டது. கொழும்பிலிருந்து ஒரு சின்ன மோட்டார் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர். ரோலர் மெஷினையே அதட்டி ஓட வைக்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்குப் பெரிய நினைப்பு. படகும் என் தலையில் விழுந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று தடவையும் நடுத்தண்ணீரில் நின்றது. நின்ற விதம்தான் வேடிக்கை. இஞ்சின் தொண்டை கிழியக் கத்தும், படகு அசையாது. முதல் தடவை, தண்ணீருக்கடியில் சுற்றும் காற்றாடியில் பாசி சுற்றியிருக்கும் என்று தூக்கிப் பார்த்தேன். பாசி இல்லை. கியர் விழுந்திருந்தும் காற்றாடி கைபட்டாலே சும்மா சுற்றியது. ஸ்டோரில் பெல்ட் கழன்றால் மோட்டார் ஓடும், ரோலர் நிற்கும், அதே கதைதான். காற்றாடியைத் தண்டோடு சேர்க்கிற சின்னப் பித்தளை ஆணி இரண்டாக ஒடிந்திருந்தது. புதிதாகப் போட்டேன். அதுவும் ஒடிந்தது. அடுத்ததும் ஒடிந்தது.

மூன்றாவது தடவை துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்ததும் துரைக்கு முகம் சிவந்துவிட்டது.

"அடுத்த ஞாயிறு என் விருந்தாளி ரெண்டு பேர் வாறது. அவங்க முன்னால படகு நின்னா, நீ ஸ்டோருக்கு வர வேணாம். மலைக்குப் போ, புல்லு வெட்டு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. துரையிடம் காட்ட முடியுமா? ஆணியிடம் காட்டினேன். உருக்குக் கம்பி ஒன்றை வெட்டி, அதே அளவுக்கு ராவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி பலகையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள்.

"இனிமே ஒடியாது பாரு" என்றேன்.

"ஆணி ஒடியலைன்னா வேற எதுங்க ஒடியும்?" என்றாள்.

பதில் எனக்குத் தெரியும். உள்ளே கியர் ஒடியும். கியரைக் காப்பாற்றத்தான் அந்த ஆணியையே மென்மையான பித்தளையில் வைத்திருக்கிறார்கள். ஆத்திரத்தில் அதை மறந்திருந்தேன். ரோஷமாக இருந்தது.

"மூணு தடவையும் எங்கங்க நின்னுச்சு?"

"கோயில் மேட்டுக்கு நேரா."

அவள் சிரித்துவிட்டாள். "அங்கதான ஏழாம் நம்பரு தேயிலை மலை முழுகிக் கெடக்கு! தண்ணி வர முந்தி நெழல் மரத்தையெல்லாம் இடுப்பளவுல வெட்டுனாங்களே, அந்தக் கட்டைங்க எங்க போவும்? மழையில்லாம தண்ணி எறங்கிருக்கு. ஒங்க காத்தாடி அதுலதான் அடிபடுது."

பலகையில் மாவைத் தூவி விரலால் கோடு கிழித்தாள். இங்கே தேயிலை நிரை, இங்கே கட்டை, நடுவில் வண்டி ரோடு. "ரோட்டுல மரமில்ல. ரோட்டு மேலயே போனா ஒண்ணும் ஆகாது."

நான் இஞ்சினுக்குள்ளேயே நோயைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் படகைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கண்டுபிடித்துவிட்டாள்.

ஞாயிறு காலை பித்தளை ஆணியையே போட்டுவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு போய்த் துரையிடம் விஷயத்தைச் சொன்னேன். நானே கண்டுபிடித்ததாகச் சொல்ல வாய் துறுதுறுத்தது, பொய் சொல்லவில்லை. படகில் நாலு பேருக்குத்தான் இடம். துரை என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீ நில்லு. அவ வரட்டும்."

கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு இல்லாமல், நல்ல சேலையில் அவள் முன்பலகையில் உட்கார்ந்தாள். பின்னால் தொப்பி போட்ட இரண்டு விருந்தாளிகள், கடைசியில் இஞ்சினைப் பிடித்தபடி துரை. அவள் கோயில் மேட்டைப் பார்ப்பாள், வலது கையை நீட்டுவாள். படகு வலப்பக்கம் திரும்பும். நான் கரையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இஞ்சின் கத்தினால் நாளைக்குப் புல்லு.

கத்தவில்லை. ஆனால் பாதித் தூரத்தில் சத்தம் அடியோடு நின்றது. கியர் போய்விட்டதா? பெட்ரோலா? முருகா, முருகா என்று முணுமுணுத்தேன். கொஞ்ச நேரத்தில் இஞ்சின் மறுபடியும் கிளம்பி, படகு அழகாகக் கரைக்கு வந்தது. துரை என் தோளில் தட்டிவிட்டுப் போனார். ஆணியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

"நடுவுல ஏன் நிப்பாட்டுனாரு?" என்று அவளிடம் கேட்டேன்.

"நான்தாங்க நிப்பாட்டச் சொன்னேன்."

"தொரையவா?"

"ஆமா. நம்ம பழைய காம்பிராவுக்கு மேல வந்துட்டோம். ஒருவாட்டி பாத்துட்டுப் போவோம்னு கையத் தூக்குனேன். நிப்பாட்டிட்டாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வழக்கமாகத் துரை வருகிற வழியில் ஒதுங்கி, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நாங்கள்தான் நிற்போம். அன்றைக்கு அவள் கையைத் தூக்கினாள், துரை நின்றார்.