கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை

ஆந்திர எல்லையோரத்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் செல்போன் பாகங்கள் பூட்டும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பச்சைப் பலகை ஒன்று பெல்ட்டில் ஊர்ந்து வந்து என் முன்னால் நிற்கும். நூலை விடக் கொஞ்சம் தடித்த ஒரு ஒயரை எடுத்து, அதன் முனையைப் பலகையின் ஓரத்தில் இருக்கும் குழியில் வைத்து விரலால் அழுத்த வேண்டும். சரியாக உட்கார்ந்துவிட்டால் விரல் நுனியில் சின்னதாக ஒரு துள்ளல் தெரியும். அந்தக் கூடத்து இரைச்சலில் காதுக்கு எதுவும் கேட்காது. விரலுக்குத்தான் தெரியும். தெரிந்ததும் பலகை அடுத்தவளிடம் போய்விடும், இன்னொன்று வந்து நிற்கும்.

இடது மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருப்போம். அதிலிருந்து ஒரு சுருள் ஒயர் மேசையில் மாட்டியிருக்கும். நம் உடம்பு மின்சாரம் பலகையைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. கை எட்டுகிற தூரம்தான் அந்த ஒயர் நீளும். எழுந்து போக வேண்டுமென்றால் கை தூக்கிச் சொல்லி, மாற்று ஆள் வந்து நின்ற பிறகு பட்டையைக் கழற்ற வேண்டும்.

ஒரு நாள் அந்தத் துள்ளல் விரலுக்குத் தெரியவில்லை. ஒயர் சரியில்லை போல என்று நினைத்து மறுபடியும் அழுத்தினேன். அது ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தது. வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போயிருந்தன. கையை உதறினேன். மரத்த இடமெல்லாம் குறுகுறுவென்று எறும்பு ஊர்வது போல ஆனது, கொஞ்ச நேரத்தில் சரியாயிற்று. அடுத்த வாரத்தில் உதறினாலும் சரியாகவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வரிசையில் இருந்த ஒரு பெண் முதுகு வலி என்று எழுதிக் கொடுத்தாள். அவளுடைய ஒப்பந்தம் முடிந்தபோது திரும்பக் கூப்பிடவில்லை. முதுகு வலிக்காகத்தான் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களாகவே அப்படிப் புரிந்துகொண்டோம். எங்களுக்குச் சத்தியவேடு பக்கம் கொஞ்சம் நிலமும் மாந்தோப்பும் இருக்கிறது. மாங்காய் கைகொடுக்காமல் போனதும் என் வீட்டுக்காரர் தடாவில் ஷேர் ஆட்டோ ஓட்டப் போனார். மாதம் தவறாமல் வீட்டுக்கு வருவது என் சம்பளம் மட்டும்தான்.

விரலுக்குத் தெரியாததைக் கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பலகைக்கும் குனிந்து, ஒயர் முனை உள்ளே போய்விட்டதா என்று பார்த்துத்தான் விடுவேன். அப்படிக் குனிந்து குனிந்து கழுத்தும் பிடித்துக்கொண்டது. பெல்ட் எனக்காக நிற்காது. ஓரக்கண்ணால் அடுத்த பலகை வருவதைப் பார்த்துக்கொண்டே இந்தப் பலகையை முடிப்பேன். மூச்சைக்கூட மேலாகத்தான் விட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சாமான்கள் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தன. தம்ளர் விழுந்தது, குழம்புக் கிண்ணம் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கும்போது அப்படியே கவிழ்த்துவிட்டேன். வீட்டுக்காரர் துணியைக் கொண்டுவந்து தரையைத் துடைத்தார். துடைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எம்மேல கோவம் இருந்தா வாயத் தொறந்து சொல்லு மே. சாமான போட்டு ஒடைச்சிக்கினு இருக்காத."

அவர் ஆட்டோ ஓட்டப் போனது எனக்குப் பிடிக்கவில்லை என்றும், அந்தக் கோபத்தைத்தான் பாத்திரங்களில் காட்டுகிறேன் என்றும் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. வெரலு இருக்கறதே எனக்குத் தெர்ல" என்றேன்.

அவர் என் கையை எடுத்து ஒவ்வொரு விரலாகக் கிள்ளிப் பார்த்தார். சுண்டுவிரலைக் கிள்ளியபோது கையை இழுத்துக்கொண்டேன். கட்டைவிரலைக் கிள்ளியபோது சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

அன்றிலிருந்து செல்போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினார். எல்லாம் கழுத்தைச் சொடுக்குகிற வீடியோ. ஒருவர் படுத்திருப்பார், டாக்டர் தலையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்புவார், மடக்கென்று சத்தம் வரும், படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்துகொள்வார். இதற்குப் பெயர் கைரோபிராக்டிக், திருப்பதியில் ஒருவர் செய்கிறாராம், ஆபரேஷன் கிடையாது, லீவு போட வேண்டாம் என்று தினமும் சொன்னார். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டாலே பயம். என் தலையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பதை நினைக்கவே முடியவில்லை. ஆனால் லீவு போட வேண்டாம் என்று அவர் சொன்னது என்னைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புத்தூர் வழியாக பஸ் பிடித்துப் போனோம். கிளினிக் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. டாக்டருக்கு என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். தெலுங்கில் பேசினார். எங்கள் பக்கத்தில் தெலுங்கு யாருக்கும் புதிதில்லை. அவர் என்னிடம் கேட்டதற்கெல்லாம் என் வீட்டுக்காரரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்தில் எலும்பு விலகியிருக்கிறது, சொடுக்கினால் சரியாகிவிடும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவரை வெளியே உட்காரச் சொன்னார்.

பிறகு என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, கம்பெனியில் எப்படி வேலை செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள் என்றார். வெறும் மேசை முன்னால் இல்லாத ஒயரை எடுத்து இல்லாத குழியில் அழுத்தினேன். போதும் என்று சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. செய்துகொண்டே இருந்தேன். வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெட்கம் போய், கம்பெனியில் இருப்பது போலவே மூச்சு முட்டியது. அவர் என் கழுத்தை, தோளை, மணிக்கட்டை மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். அப்புறம் இரண்டு புறங்கையையும் ஒன்றோடொன்று சேர்த்து விரல்கள் கீழே தொங்கும்படி பிடிக்கச் சொன்னார். பிடித்த சிறிது நேரத்தில் அந்த மூன்று விரல்களிலும் எறும்பு ஊர ஆரம்பித்துவிட்டது.

மணிக்கட்டில் ஒரு சந்து இருக்கிறது, அதன் வழியாகத்தான் இந்த மூன்று விரல்களுக்கும் நரம்பு போகிறது, அங்கே இடமில்லாமல் நரம்பு நசுங்குகிறது என்று விளக்கினார். கழுத்தின் இறுக்கம் தனி. அதை அவர் தளர்த்தலாம். ஆனால் கழுத்தைச் சொடுக்கி விரலைச் சரிசெய்ய முடியாது, என் கழுத்தைச் சொடுக்கப் போவதும் இல்லை என்றார். எனக்கு உயிர் வந்தது.

முகம் வைக்க ஓட்டை போட்ட கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னார். தரையில் ஒரு டைல்ஸும் அவருடைய செருப்பும் மட்டும் தெரிந்தன. தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினார். எங்கோ ஒரு இடத்தில் மளுக்கென்று சத்தம் கேட்டது. வலிக்கவில்லை. ஆனால் என் கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டி அந்த டைல்ஸில் விழுந்தது. அவர் அழுத்துவதை நிறுத்திவிட்டு, வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே, நான் இந்த வேலையை விட முடியாது என்று சொன்னேன். அதை அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். வேலையை விடவும் முடியாது, விரலைப் பற்றி அங்கே சொல்லவும் முடியாது, இப்படியே செய்யவும் முடியாது என்று எல்லாவற்றையும் அந்த ஓட்டை வழியாகச் சொல்லி முடித்தேன். அவர் என் முதுகில் கை வைத்தபடி நின்றிருந்தார்.

மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டை கொடுத்து, தூங்கும்போது கட்டிக்கொள்ளச் சொன்னார். கைக்கும் கழுத்துக்கும் சில பயிற்சிகள் காட்டினார். வெளியே காத்திருந்த என் வீட்டுக்காரருக்கு, வீடியோவில் வருகிற அந்தச் சொடுக்குச் சத்தம் கேட்காததில் ஏமாற்றம்தான்.

திங்கட்கிழமை விரல் தெளிவாக இருந்தது. செவ்வாயும் பரவாயில்லை. வியாழக்கிழமை பழையபடி மரத்துவிட்டது. மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை திருப்பதி, மறுபடியும் வியாழக்கிழமை மரத்துப்போதல். இப்படிப் பல வாரம் போனது. பகலெல்லாம் மேசையோடு ஒரு பட்டை, தூங்கும்போது விரலுக்காக ஒரு பட்டை. ஓய்வு நாள் பஸ்ஸிலேயே கழிந்தது. எதுவும் முன்னேறுகிற மாதிரி இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லவில்லை. எதிரில் உட்காரவைத்துப் பேசினார். அவர் தெலுங்கில் சொன்னது தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நான் தளத்தி வுட்றத நீங்க அங்க போயி நாலு நாள்ல இறுக்கிக்கினு வரீங்க. இனிமே என் கையில இல்லம்மா. நரம்பு டெஸ்ட் எடுங்க. கம்பெனியில சொல்லுங்க."

டெஸ்ட்டில் கையில் சுருக் சுருக்கென்று கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். நரம்பு நசுங்கியிருப்பது அதில் உறுதியானது. அந்த வேலையை உடனே மாற்றினால் ஆபரேஷன் இல்லாமல் தேறலாம், இப்படியே விட்டால் கட்டைவிரல் மேட்டில் சதை வற்றிவிடும் என்று நரம்பு டாக்டர் சொன்னார்.

எங்கள் வரிசைத் தலைவி காளஹஸ்தி பக்கத்துப் பெண். எங்களை வேகமாகச் செய்யச் சொல்லிக்கொண்டே இருப்பது அவள் வேலை. ஷிப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு, கை கழுவும் இடத்தில் அவளிடம் சொன்னேன். எவ்வளவு நாளாக என்று கேட்டாள். சொன்னேன். அவ்வளவு நாளும் என் வரிசையில் உட்கார்ந்து வேலை செய்தாயா என்கிற மாதிரி என்னையே பார்த்தாள். குழாயை மூடிவிட்டு, தணிந்த குரலில், "அக்கா, ஈ மாட்ட இங்கெவரிக்கீ செப்பொத்து" என்றாள். இந்தப் பேச்சை வேறு யாரிடமும் சொல்லாதே என்று அர்த்தம்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அடுத்த வாரம், அங்கே ஆள் குறைகிறது என்று காரணம் சொல்லி, என்னை உடை மாற்றும் அறைக்கு மாற்றிவிட்டாள். உள்ளே போகிறவர்களுக்கு மேலங்கியும் தொப்பியும் எடுத்துக் கொடுத்து, வருகிறவர்களிடம் திரும்ப வாங்கி வைக்கிற வேலை. அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. இருந்தாலும் மேசையோடு கட்டிப்போடாமல் கையை என்னோடு வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் கொஞ்சமாக நடுவிரலும் ஆள்காட்டி விரலும் திரும்பி வந்தன. பூ கட்டும்போது நார் விரலில் படுவது மறுபடியும் தெரிந்தது. கட்டைவிரல் நுனி மட்டும் இன்னும் மந்தமாகத்தான் இருக்கிறது.

அந்த அறையில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற பெண்களில் எத்தனையோ பேர் கையை உதறிக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி பார்க்கிறாள் என்று தெரிந்தால் இன்னொருத்தி உதறுவதை நிறுத்திவிடுவாள். நானும் பார்க்காதது போல மேலங்கியை வாங்கி மடித்து வைத்தேன். யாரிடமும் சொல்லாதே என்று வரிசைத் தலைவி சொன்னது என் வாயைக் கட்டியிருந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பழைய வரிசையில் இருந்த, நாகலாபுரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்ணுக்குக் கழுத்துப் பொத்தானைக் கழற்ற வரவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன். அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம் இருந்தது. போய் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பி இரைச்சல் வந்த பிறகு, எந்த விரல் என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருப்பதி டாக்டரைப் பற்றி, டெஸ்ட்டைப் பற்றி, கட்டைவிரல் சதை வற்றுவதைப் பற்றி அவள் முதுகைப் பார்த்தே சொன்னேன். வெகு தூரம் போன பிறகுதான் திரும்பினாள்.

"சொன்னா வேல பூடுமா அக்கா?"

எனக்குத் தெரியாது என்றேன். தெரியாதது உண்மைதான். எங்கள் வரிசைத் தலைவி தனியாக இருக்கும்போது சொல்லிப் பார், எனக்குச் செய்தாள், உனக்கும் செய்வாளோ என்னவோ என்றேன். அவள் மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இறங்கும் இடம் வந்ததும், தலைவியிடம் சொல்ல நாளைக்கு நீயும் கூட வருவாயா என்று கேட்டாள். வருகிறேன் என்று சொன்னேன்.