கொழுந்து வைத்த கல்

நான் எழுதிய ஒரே நாவலை யாராவது புகழ்ந்தால் எனக்கு இப்போதும் குமட்டிக்கொண்டு வருகிறது.

ஓவேலிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தபோது எழுதியது அது. கர்மம், ஞானம், பக்தி என்று மூன்று மார்க்கங்களுக்கும் ஆளுக்கொருவராகப் பிடித்துப் போட்டிருந்தேன். துரை, அதாவது எங்கள் மேனேஜர், கர்மயோகி. என்ன கர்மமோ! ஞானிக்கு வேறு ஆள் கிடைக்காமல் என்னையே வைத்துக்கொண்டேன். பக்திக்குத்தான் சபரி மாதிரி ஒருத்தி தேவைப்பட்டாள்.

ஆபீசுக்கு எதிர்ச் சரிவில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், தினமும் முதல் பிடிக் கொழுந்தை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுத்தான் அடுத்ததைக் கூடையில் போடுவாள். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். ராமனுக்காகக் கனிகளைக் கடித்துப் பார்த்துச் சேர்த்துவைத்த சபரிதான் இவள், உழைப்பே இவளுக்குப் பூஜை என்று உருகித் தள்ளினேன்.

புத்தகம் நன்றாகப் போனது. குன்னூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஜீப் வைத்துக்கொண்டு கல்லைப் பார்க்க வந்தார்கள். குங்குமத்தை அப்பினார்கள், தேங்காய் உடைத்தார்கள். காலில் அட்டை ஏறிவிடுமென்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கண்ணை மூடிப் பரவசப்பட்டார்கள். சகிக்கவில்லை. ஆனாலும் புத்தகத்தை நீட்டியவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டேன். துரையோ கல்லைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, தகரக் கூரை வேய்ந்து, ஒரு பூசாரியையும் அமர்த்தினார். அந்தப் பூசாரி கொழுந்து பறிக்கும் பெண்களைத் தீட்டு என்று உள்ளே விடவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் அவள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க ஐயா, அது சாமியில்லீங்க."

"பின்னே என்ன?"

"ஏழு மாசக் கர்ப்பத்துலயே என்ற புள்ள அங்கதானுங்க உழுந்துச்சு. கொழுந்து பறிக்கறப்பவே. அந்தக் கல்லுக்கடியிலதான் பொதைச்சோம். இடுப்பு நோவுதுன்னு அன்னிக்குக் காலையில லீவு கேட்டு உங்ககிட்டத்தானுங்க வந்தேன். நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லிப்போட்டீங்க."

எனக்கு நினைவே இல்லை. எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

"நாளைக்கு மேடையில அது சாமியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க எழுதுனவரு, நீங்க சொன்னாக் கேப்பாங்க. வேலியை எடுத்துட்டாப் போதுமுங்க. எனக்கு வேறொண்ணும் வேண்டாம்."

சொல்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் துரை எனக்கு மாலை போட்டார். மைக் முன்னால் நின்றேன். கூட்டத்தின் ஓரத்தில் அவள் கூடையோடு நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சபரியின் பக்தியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். அப்படிக் கைதட்டினார்கள். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது, இருந்தும் கும்பிட்டுக்கொண்டே இறங்கினேன்.

முதல் ஆரத்தி நீங்கள்தான் காட்ட வேண்டும் என்று பூசாரி கற்பூரத் தட்டைக் கையில் கொடுத்தார். வாங்கினேன். அந்தக் கல்லுக்கு மூன்று சுற்றுக் காட்டினேன். பிறகு தட்டை வேலிக்கு வெளியே நீட்டினேன். ஒவ்வொருவராக வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவளும் வந்தாள். குனிந்து, கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள்.