எச்சரிக்கை வரியை அழித்தவர்

பரசுராமன் இறந்த செய்தி எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒருவர் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் ஓட மறுத்துக்கொண்டிருந்தது. கோப்பு கண்முன்னால் இருக்கிறது; கணினியோ அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. விண்டோஸில் எழுதிய நிரலை லினக்ஸுக்குக் கொண்டுவந்தால் வரிகளின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். முதல் வரியில் அது இருந்தால் இந்தக் கூத்துதான். அதை நீக்கிக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தேன். கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. அவரால் அழுதவர்களின் கைகளும் அவற்றில் இருந்தன. "நல்ல மனுஷன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரோடு வேலை பார்த்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த இரண்டு சொற்களை நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள்.

அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு விடுதி அறை பதிவு செய்து தரும் எங்கள் வேங்கிக்கால் அலுவலகம் பழைய பெர்ல் நிரல்களில்தான் ஓடியது. பெரும்பாலானவை அவர் எழுதியவை. யாராவது திணறினால் டீ டம்ளரோடு வந்து பின்னால் நிற்பார். திரையை ஒரு பார்வை பார்ப்பார். "பார்த்துட்டேன்" என்பார். அவ்வளவுதான். தவறு எங்கே என்று சொல்லாமல் நடந்துவிடுவார்.

ஒருமுறை கணக்குப் பிரிவிலிருந்து மாறிவந்தவர் ஊர்ப் பெயரைத் தட்டச்சிட்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். எந்த ஊரும் பொருந்தவில்லை. அரைநாள் அவரைத் தவிக்கவிட்ட பிறகு, எல்லோரும் இருக்கும்போது பரசுராமன் வாயைத் திறந்தார். "பேரை அடிச்சிட்டு என்டர் தட்டினியே, அதுவும் பேரோட ஒட்டிக்கினு உள்ள போயிருக்குது. செருப்பு போட்டுக்கினு கோயிலுக்குள்ள போனா எவன் விடுவான்? வாசல்லயே கழட்டுப்பா." எல்லோரும் சிரித்தோம். அந்தப் பாடத்தை அதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. காலையிலேயே சொல்லியிருக்கலாம்.

சுமதியை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அடி அண்ணாமலையிலிருந்து வந்தவர். கணவருக்கு நிலையான வேலை இல்லை. மகள் பத்தாம் வகுப்பு. தகுதிகாண் காலம் முடியும் மாதம் அது. ஒரு நிரலைச் சரியாக முடித்தால் வேலை நிரந்தரம், பிசகினால் வீடு. அந்த நிரல், பதிவு செய்தவர் கேட்ட விடுதியை எங்களிடமுள்ள விடுதிப் பெயர்களோடு ஒப்பிட்டு, பொருந்தும் விடுதியின் முகவரியை அவருக்கு அனுப்ப வேண்டும்.

பெர்லில் எண்களை ஒப்பிட ஒரு குறி, சொற்களை ஒப்பிட வேறொன்று. சுமதி எண்ணுக்கான குறியைப் போட்டுவிட்டார். புதியவர்கள் எல்லோரும் செய்வதுதான். அந்தக் குறியைக் கண்டால் பெர்ல் இரண்டு பெயர்களையும் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பூஜ்யமும் பூஜ்யமும் சமம். ஆகவே யார் எந்த விடுதியைக் கேட்டாலும் முதல் விடுதிதான் கிடைக்கும். ஒரே விடுதியை வைத்துச் சோதித்ததால் சுமதிக்கு இது தெரியவில்லை.

பௌர்ணமிக்கு முந்தைய நாள் நான் கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருந்தேன். அன்று நடந்ததைச் சுமதி பிறகு சொன்னார். பரசுராமன் பின்னால் வந்து நின்று வழக்கம்போல் "பார்த்துட்டேன்" என்றிருக்கிறார்.

"என்னா தப்பு சார்? சொல்லுங்க சார், நாளைக்குப் பௌர்ணமி."

"தப்புனு நான் சொன்னேனா? ஓட்டிப் பாரும்மா."

ஓட்டினார். எந்தப் பிழையும் காட்டாமல் ஓடியது.

மறுநாள் முற்பகலுக்குள் எங்களிடம் பதிவு செய்த அத்தனை குடும்பங்களும் பெட்டி படுக்கையோடு ஒரே சிறிய விடுதியின் வாசலில் நின்றன. தெலுங்கிலும் தமிழிலும் வசவு. விடுதிக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுத் தொலைபேசியில் கத்தினார்: "ஊரையே என் வாசல்ல இறக்கிட்டீங்களேம்மா! இருக்கறதே பத்து ரூம். படிக்கட்டையும் வாடகைக்கு விடட்டா?"

மேலாளர் பரசுராமனை அழைத்தார். அவர் கண்ணாடியை மாட்டி, அந்த வரியை நேராகத் தொட்டுக் காட்டினார். "இந்தப் புரோகிராமுக்கு எல்லாமே பூஜ்யம் சார். எழுதினவங்க மாதிரியே." மேலாளர் மட்டும் சிரித்தார்.

"நேத்தே பார்த்தீங்களே சார்" என்றார் சுமதி.

"பார்த்தேன். பட்டாதாம்மா மண்டையில ஏறும்."

நான் மேலாளரின் அறைக்குப் போய், தவறு முன்னமே தெரிந்திருந்தும் மறைக்கப்பட்டது என்றேன். அவர் மறுக்கவில்லை. "பரசுராமன் இல்லன்னா இங்க ஒண்ணும் ஓடாது மேடம். அந்தம்மா இல்லன்னா எல்லாம் ஓடும்" என்றார். அன்று மதியம் சுமதி தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். பிரிக்காத சோறு அதில் அப்படியே இருந்தது.

மாலையில் டீக்கடையில் பரசுராமனிடம் இன்னொன்றைக் கேட்டேன். பெர்லில் ஓர் எச்சரிக்கை வரி உண்டு. நிரலின் தலையில் அதை எழுதிவிட்டால், சொல்லை எண்ணாக ஒப்பிடுகிறாய் என்று கணினியே கத்தும். பரசுராமனின் நிரல்கள் எல்லாவற்றிலும் அது இருந்தது. புதியவர்களுக்கு அவர் கொடுக்கும் மாதிரிக் கோப்பில் மட்டும் இல்லை.

"அந்த வரியை ஏன் எடுத்தீங்க?"

அவர் டீயை ஊதினார். "மெஷினே சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு மேடம்?"

அவர் என்னிடம் சொன்ன ஒரே நேர்மையான பதில் அது. பெர்லைத் தவிர வேறொன்றும் தெரியாதவர். அதைக் கைவிடலாமா என்று நிர்வாகம் அப்போதே பேசிக்கொண்டிருந்தது. அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் சுமதிக்கு ஒரு பயனும் இல்லை. அடுத்த நாள் மாதிரிக் கோப்பில் அந்த வரியைச் சேர்த்தேன். அவர் நீக்கினார். மறுபடி சேர்த்தேன். அவர் ஓய்வு பெறும்வரை இப்படியே நடந்தது.

கடைசியாக அவரை மருத்துவமனையில் பார்த்தேன். கை மெலிந்து குச்சியாகியிருந்தது.

"ஆபீஸ்ல யாராச்சும் என்னைத் தேடறாங்களா மேடம்?"

"இல்லை."

"எல்லாம் ஓடுதா?"

"ஓடுது."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பொய் சொல்லியிருக்கலாம் என்று அவருடைய மனைவியின் பார்வை சொன்னது. நான் கொண்டுபோன ஆரஞ்சுகளை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

செய்தி வந்த அன்று சுமதியை அழைத்தேன். இப்போது கிரிவலப் பாதையில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். "அப்படியாக்கா" என்றார். பாத்திரச் சத்தம் கேட்டது. "கூட்டம் ஜாஸ்தியா இருக்குதுக்கா, அப்புறம் பேசறேன்." இதுவரை அழைக்கவில்லை.

பரசுராமனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்று உண்டு. புதியவர் ஒருவர் தவறோடு வந்து நிற்கிறார். விடை எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்தச் சில நொடிகளில் என் நாக்கில் ஓர் இனிப்பு ஊறுகிறது. பரசுராமனுக்குப் பக்கத்தில் அத்தனை வருடம் உட்கார்ந்ததில் தொற்றியது. அது இனிப் போகாது. அது ஊறி முடிவதற்குள் விடையைச் சொல்லிவிடுகிறேன்.