உடையப்பன் அண்ணாச்சி வாங்கிய ரிவால்வர்

வளைகுடாவில், அல் கூஸ் லேபர் கேம்பில் எங்கள் அறையில் ஆறு பேர். உடையப்பன் அண்ணாச்சியைத் தவிர மற்ற ஐந்து பேரும் துப்பாக்கியைத் தொட்டது திருவிழாவில் பலூன் சுடும்போதுதான். ஆனாலும் இரண்டு வருஷம் அந்த அறையில் ரிவால்வரைப் பற்றி நாங்கள் பேசாத பேச்சு இல்லை. ஒரு ராணுவமே எங்களிடம் வந்து யோசனை கேட்டிருக்கலாம்.

அண்ணாச்சிக்குச் சிவகங்கைப் பக்கம். பட்டாளத்தில் பதினேழு வருஷம், பிறகு இங்கே ஒரு டைல்ஸ் குடோனில் செக்யூரிட்டியாகப் பதினோரு வருஷம். கோடிக்கணக்கான சரக்குக்குக் காவல். ஆயுதம் என்று பார்த்தால் ஒரு டார்ச், ஒரு விசில், ஒரு பேனா. வெறுங்கையில் முழம் போடுகிறவனுக்கும் மாசச் சம்பளம் கொடுக்கிற ஊர் இது. நான் ஞானசிங், குளச்சல்காரன், ஏசி மெக்கானிக். எனக்குக் கீழ்க்கட்டில், அவருக்கு மேல்கட்டில். ஐம்பது வயதில் ஏணி பிடித்து ஏறிப் படுக்கிற மனுஷனுக்கு ஒரே ஆசைதான்: விசாவைக் கேன்சல் பண்ணிவிட்டு ஊரோடு போய்விட வேண்டும், மனைவி கனகா அக்கா வைக்கிற குழம்பைச் சூடாகச் சாப்பிட வேண்டும்.

அதற்கு ஒரு வழியும் வந்தது. லீவில் போயிருந்தபோது காரைக்குடியில் ஒரு நகைக்கடன் கம்பெனி மேனேஜர் சொன்னாராம்: "சொந்தத் துப்பாக்கி, லைசென்ஸோட வாங்க. வாசல்ல கன்மேன் வேலை உங்களுக்குத்தான்."

அண்ணாச்சி "ஓகே சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். என்ன துப்பாக்கி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? இங்கே சூப்பர்வைசரிடம் எதையாவது இரண்டாம் தடவை கேட்டால் "மாஃபி முக்" என்பான். மூளை இல்லை என்று அர்த்தம். அந்தப் பட்டத்துக்குப் பயந்து பதினோரு வருஷம் ஓகே சார் போட்ட வாய் அது. இடுப்பில் சொருகினால் கம்பீரம் என்று அவரே தீர்மானித்து, ரிவால்வருக்கு லைசென்ஸ் எழுதிப் போட்டார். லீவு போட்டுப் போட்டுப் போய் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து ஒன்றரை வருஷத்தில் அதுவும் கிடைத்தது.

மகள் சங்கீதாவின் காலேஜ் பீஸ் போக, கையில் நிற்கப்போவது ஒரு லட்சம். அதற்குள் நம்பகமான ரிவால்வர். ஆரம்பித்தது ஆராய்ச்சி. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு வீடியோ பார்ப்பார். வெளியே வைத்துப் பார்த்தால் சிஐடி பிடித்துவிடுவானாம். பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில், குடோன் வாசலில் வண்டி நம்பர் எழுதுவதுபோலக் கட்டம் போட்டு எழுதுவார். மக்கர் பண்ணுமா, விசை இறுக்கமா, ரிப்பேருக்கு ஊரில் ஆள் உண்டா, தோட்டா சுலபமாகக் கிடைக்குமா.

வேன் ஓட்டுகிற விமல் சொன்னான்: "அண்ணே, பழசு வாங்குனா எவ்வளவு ஓடியிருக்குன்னு பாருங்க."

கஃபத்தீரியாவில் டீ போடுகிற கலீலுர் ரஹ்மான், "வெயிட்டா இருக்கிறதை எடுங்க பாய். மிக்ஸி அப்படித்தான் வாங்கணும்" என்றார்.

நான் சும்மா இருந்தேனா? "ஸ்பேர் கிடைக்குமான்னு மொதல்ல கேளுங்க அண்ணாச்சி. கம்ப்ரஸர் போனா ஏசியே போச்சு" என்று என் பங்குக்கு நானும் அறிவைக் கொட்டினேன். அண்ணாச்சி அதையும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். மேனேஜருக்கு ஒரு போன் போடுங்கள் என்று சொல்ல ஆறு பேரில் ஒருத்தனுக்கும் புத்தி வரவில்லை. குதிரை வாங்குமுன் லாடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

புதுசு விலை எட்டவில்லை. செட்டியார் பங்களாவிலிருந்து வந்த ஒன்று மலிவுதான், ஆனால் சிலிண்டர் ஆடுகிறதாம். கடைசியில் மதுரைத் துப்பாக்கிக் கடையில், ரிட்டயர்டு டாக்டர் ஒருவர் பெட்டியை விட்டே எடுக்காத உள்நாட்டுத் தயாரிப்பு எண்பத்தைந்தாயிரத்துக்குப் படிந்தது. அண்ணாச்சி விசாவைக் கேன்சல் பண்ணினார். பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். மேல்கட்டிலில் என் பெட்டியைத் தூக்கி வைத்தேன்.

நாலாவது மாசம் நான் அந்தப் பெட்டியை இறக்கினேன். அண்ணாச்சி வேறு கம்பெனி விசாவில் அதே அறைக்கு வந்து நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே சொன்னார்.

"இடுப்புல பவுச்சோட போய் நின்னேன் தம்பி. மேனேஜர் பார்த்துட்டு, 'இது செல்போன் பவுச் மாதிரில்ல இருக்கு. நீளத் துப்பாக்கி இல்லையா? ரோட்ல போறவனுக்குத் தெரிய வேணாமா?'ன்னாரு."

"நல்லாச் சுடும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. 'சுடுறதுக்கு யாருங்க வைக்கிறா?'ன்னுட்டாரு."

வேலை வேறொருவருக்குப் போயிற்று. அவருடைய ஒற்றைக்குழல் துப்பாக்கி சுட்டுப் பத்து வருஷமாம். இப்போது சுடுமா என்பது அவருக்கே சந்தேகமாம். ஆனால் தோளுக்கு மேலே ஒரு முழம் தெரிகிறதே, போதாதா? சம்பளமில்லாத மாசங்களில் முளைத்த கடன்காரர்கள் வந்து அண்ணாச்சியை மறுபடி பிளைட் ஏற்றினார்கள். ரிவால்வரை மதுரைக் கடையிலேயே பாதுகாப்பில் வைத்திருக்கிறார். அதற்கு மாச வாடகை. அண்ணாச்சி இங்கே குடோனுக்குக் காவல், அங்கே அவர் ரிவால்வருக்கு ஒருத்தன் காவல். ஏணியில் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது, ஸ்பேர் பற்றிப் பேசிய என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும்.

போன வாரம் காலையில் கேம்ப் வாசலில் புது சூப்பர்வைசர் முஆத் வந்து, எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் விமலின் வேனுக்குள் தலையை நீட்டி, "உடையப்பன், கேட் டியூட்டி. யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினான். அண்ணாச்சி இப்போது காவல் பார்க்கும் குடோனுக்கு மூன்று கேட்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். "எந்த கேட் சார்?"

"கேட் டியூட்டி போலா நா! மாஃபி முக்?" சொன்னேனில்லையா என்று இந்தியில் எரிந்து விழுந்தான்.

விமல் கண்ணாடியில் பார்த்தான். நான் அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன், உட்காருங்கள் என்று. அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"ஆமா சார், மாஃபி முக்" என்றார் நிதானமாக. "எந்த கேட்?"