இரண்டு பக்கமும் ஒரே அம்பு

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணை ஜன்னலில் உட்காருகிறவரை எல்லோரும் ஜன்னலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி. எந்த டாக்டர் எந்த மாடியில், எந்த லிஃப்ட் எப்போது மக்கர் பண்ணும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். வந்தவர் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்து விழும். குரல் கொஞ்சம் கறார்தான். ஆனால் தப்பான வழி சொன்னார் என்று யாரும் வாயெடுத்ததில்லை.

அன்று திங்கட்கிழமை. வரிசை வாசற்படி வரை நீண்டிருந்தது. கையில் போர்வையோடு ஒருவர் இடையில் புகுந்து, அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பதாகவும், உடனே வரச் சொல்லி போன் வந்ததாகவும் சொன்னார். நேராகப் போய் இடது பக்கம் திரும்புங்கள் என்பதுதான் ஜன்னலக்கா வழக்கமாகச் சொல்கிற பதில். அன்று அதைச் சொல்லவில்லை. போர்டு இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டார்.

மத்தியானம் அவர் திரும்பி வந்தார். போர்வை மடிப்புக் கலையாமல் அப்படியே கையில் இருந்தது.

"அம்புக்குறியப் பாத்துத்தான்க்கா போனேன். எங்கெங்கயோ சுத்தி, ஒவ்வொருத்தரா கேட்டு, நான் போய்ச் சேர்றதுக்குள்ள அம்மா போயிட்டாங்க."

அவர் சண்டைக்கு வரவில்லை. உடலை எந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

அன்றிரவு ஜன்னலக்கா அந்தப் போர்டுகளையே நினைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன் புதுக் கட்டடம் திறந்தபோது பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு போய், எங்கெங்கே போர்டு தொங்க வேண்டும் என்று காட்டியதே அவர்தான். அது எப்படித் தப்பாக இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை, நோயாளியாகக்கூட இந்த ஆஸ்பத்திரிக்குள் காலடி வைக்காத தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய வாசலில் நிறுத்தி, யாரிடமும் கேட்காமல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றார்.

"பதினெட்டு வருஷம் இங்க குப்பை கொட்டிட்டு, வழி கண்டுபிடிக்க என்னையா கூட்டிட்டு வந்திருக்கீங்க அண்ணி?" என்றாள் அவள்.

ஜன்னலக்கா வாயைத் திறக்காமல் பத்தடி பின்னால் நடந்தார். நாத்தனார் எங்கெல்லாம் நின்று அண்ணாந்து பார்த்தாளோ, அங்கெல்லாம் தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். ஏழு இடங்களில் நின்றாள். அதில் ஐந்து இடத்தில் போர்டே இல்லை. ஓரிடத்தில் இருந்த போர்டில் 'தீ.சி.பி.' என்று எழுதியிருந்தது. தீயணைப்பு சம்பந்தப்பட்டது போலிருக்கிறது என்று நாத்தனார் தாண்டிப் போய்விட்டாள். ஊழியர்களைத் தவிர வேறு யாருக்கு அந்த மூன்று எழுத்து புரியும்?

நான்கு தாழ்வாரமும் சந்திக்கிற இடத்தில் உத்தரத்திலிருந்து ஒரு பெரிய போர்டு தொங்கியது. பெயர் முழுதாக எழுதி, பக்கத்தில் வலது பக்கம் காட்டும் அம்பு. நாத்தனார் தயங்காமல் வலது பக்கம் திரும்பினாள். சலவைக்கூடத்து வாசலில் போய் நின்றாள்.

ஜன்னலக்கா அந்தப் போர்டின் கீழேயே நின்றுவிட்டார். மறுபக்கம் போய்ப் பார்த்தார். அதே எழுத்து, அதே வலது அம்பு. ஊழியர்கள் வருவது பின்வாசல் வழியாக. அங்கிருந்து வந்தால் வலது பக்கம் சரி. பெரிய வாசலிலிருந்து வருகிறவருக்கு அது இடது பக்கம். 'ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுதிடுங்க' என்று தான் பெயிண்டரிடம் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. அன்று பெயிண்டரை அழைத்து வந்ததும் பின்வாசல் வழியாகத்தான். ஒன்பது வருஷமாக, ஜன்னலில் கேட்டவர்கள் மட்டும் தப்பித்திருக்கிறார்கள்.

"என்ன அண்ணி, முகம் வெளுத்துப் போச்சு?" என்று நாத்தனார் கேட்டாள்.

மறுநாள் நிர்வாக அதிகாரியிடம் போய்ச் சொன்னார். இப்படி எழுதச் சொன்னது யார் என்று அவர் கேட்க, நான்தான் சார் என்றார். அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். விளக்கம் எழுதித் தரச் சொன்னார், எழுதித் தந்தார். இரண்டு வாரத்தில் புதுப் போர்டுகள் வந்தன. சாக்பீஸ் குறி போட்ட ஒவ்வொரு இடத்துக்கும் நேர்மேலே ஒன்று மாட்டினார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பெரிய வாசலிலிருந்து வார்டு வரை சுவரில் ஒரு சிவப்புக் கோடும் இழுத்தார்கள். தொங்கும் போர்டின் இரு பக்கத்தையும் ஜன்னலக்கா நின்று பார்த்த பிறகுதான் ஏணியை எடுக்க விட்டார்.

மாதக் கடைசியில் இறப்புச் சான்றிதழுக்காக அந்த மகன் வந்தார். காகிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்துபோகும். ஜன்னலக்கா கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தம்பி, அன்னைக்கு உங்களச் சுத்த விட்ட போர்டு... அப்படி எழுதச் சொன்னது நான்தான். வாயால வழி சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லல."

மகன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"இப்ப சரியா இருக்கா?"

"இருக்கு."

சான்றிதழை வாங்காமலே அவர் உள்ளே நடந்தார். ஜன்னலக்கா எழுந்திருக்கவில்லை. வரிசையில் இருந்த மூன்று பேருக்கு வழி சொன்னார். நான்காமவர் பேசும்போது மேஜையிலிருந்த போன் அடித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ்.

"அக்கா, இங்க ஒருத்தர் வந்து கதவுகிட்டயே நிக்கிறாரு. யாரப் பாக்கணும்னு கேட்டா பதிலே இல்ல. வழி தவறி வந்துட்டாரோ என்னமோ."

"இல்லம்மா, சரியாத்தான் வந்திருக்காரு," என்றார் ஜன்னலக்கா. "கொஞ்ச நேரம் அங்கயே நிக்கட்டும். ஒண்ணும் கேக்காத."