ரயில் கேட்டில் ஓடிக்கொண்டிருந்த என்ஜின்

கார்க்காரண்ணன் சாவியைத் திருகி என்ஜினை நிறுத்தும் அந்த 'டக்' சத்தம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏறுகிறவர் குடையை மடிப்பதற்குள் நிறுத்திவிடுவார். மாடு குறுக்கே வந்தால் நிறுத்துவார். கொடகவெலக் கடைத்தெருவில் வாடகைக் கார் வைத்திருந்த அவருக்கு, எழுபதுகளில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் இந்தப் பழக்கம் முற்றிப்போயிற்று. "அண்ணே, தும்மினாலும் நிறுத்திடுவீங்க போல" என்று நானே கேலி செய்திருக்கிறேன். "நிக்கிற காருக்கு எதுக்கு டீச்சரம்மா சாப்பாடு?" என்பார். பேட்டரியோ கிழடு. நிறுத்திய கார் பாதி நாள் கிளம்பாது. நாங்கள்தான் இறங்கித் தள்ளுவோம். தள்ளுகிறவர்களுக்குப் பெட்ரோல் ஊற்ற வேண்டியதில்லை அல்லவா!

என் தலைப்பிரசவத்தில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று தோட்டத்து மருத்துவச்சி கைவிரித்துவிட்டார். பெட்ரோல் ஊற்றும் செட் சில நாட்களாகக் காய்ந்து கிடந்தது. மற்றக் கார்களெல்லாம் ஓடாமல் நின்றன. என் வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கேட்டபோது கார்க்காரண்ணன் டாங்கியில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. மறுபேச்சில்லாமல் வந்துவிட்டார்.

வழியில் ரயில் கேட் மூடியிருந்தது. அண்ணன் இறங்கிப்போய்ச் சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தார். ரயில் வருகிற நேரம், திறக்க முடியாது என்று கேட்காரர் சொல்லிவிட்டார். வரவேண்டிய ரயிலோ வருவதாக இல்லை. நான் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கார் உறுமிக்கொண்டே நின்றது. என் வீட்டுக்காரருக்கே பொறுக்கவில்லை.

"நிறுத்துங்கண்ணே. இருக்கிறதும் தீந்துடப் போகுது."

"இன்னைக்கு நிறுத்த மாட்டேங்க. மறுபடி கிளம்பலைன்னா டீச்சரம்மாவ என்ன செய்றது?"

"திரும்பி வரணுமே?"

"மொதல்ல போய்ச் சேருவோம்."

போய்ச் சேர்ந்தோம். ஆபரேஷன் செய்து என் மகளை உயிரோடு எடுத்தார்கள். இப்போது அவள் கார் ஓட்டுகிறாள். சிக்னலில் என்ஜினை நிறுத்தினால் பெட்ரோல் மிச்சமாகுமா என்று அவளும் மருமகனும் வாதாடுவார்கள். மிச்சமாகும் என்றுதான் நான் சொல்வேன். அப்படி மிச்சம் பிடித்த பெட்ரோலில்தான் நானும் என் மகளும் பிழைத்தோம்.

திரும்பிப்போகப் பெட்ரோல் இல்லாமல், பிழைப்புக்கு இருந்த ஒரே காரை ஆஸ்பத்திரி மதிலோரம் விட்டுவிட்டு அண்ணன் பஸ்ஸில் ஊருக்குப் போனாராம். எனக்கு அப்போது இது தெரியாது. தையல் பிரித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த அன்று பார்க்கிறேன், அந்தக் கார் மழையில் நனைந்தபடி அங்கேயே நிற்கிறது. மகளின் குட்டிக் கையை எடுத்து அதன்மேல் வைத்தேன்.